மிருக வைத்தியசாலையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன்: டொக்டர் வருவதற்கு முன் நான் எதையெல்லாம் பார்த்து வைக்க வேண்டும்?

புதுத்தாதி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். உயர்தரத்தில் உயிரியல் செய்துவிட்டு இப்போது வெள்ளவத்தைப் பக்கம் ஒரு தனியார் மிருக வைத்தியசாலையில் தாதி உதவியாளராகச் சேர்ந்திருக்கிறேன். பெயர்தான் உதவியாளர், காலையில் கூட்டம் கூடிவிட்டால் முன்மேசை, நிறை பார்ப்பது, நாயைப் பிடிப்பது எல்லாம் நான்தான். வீட்டில் எப்போதும் நாய் இருந்தபடியால் தொடப் பயமில்லை. டொக்டர் நல்ல மனுசன், ஆனால் பக்கத்தில் இருந்து விளங்கப்படுத்த அவருக்கு நேரமில்லை. "நான் உள்ளே வரும்போது கார்டில் எல்லாம் எழுதியிருக்க வேண்டும்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

கார்டில் நிறை, வெப்பநிலை, நாடி, மூச்சு, முரசு (பல்லீறு) நிறம் என்று கட்டம் கட்டமாக இருக்கிறது. எதை முதலில் பார்ப்பது, எந்த எண் வந்தால் டொக்டரை உடனே கூப்பிடுவது என்பதில் எனக்குத் தெளிவில்லை. நாய்கள் பரவாயில்லை, பூனை என்றால் கூடையைத் திறந்த மறுநிமிடம் அலுமாரிக்குப் பின்னால் போய்விடுகிறது.

அதைவிடக் கஷ்டம் கொண்டுவருகிற ஆட்களோடு கதைப்பதுதான். "என்ன பிரச்சினை?" என்று கேட்டால் "சாப்பிடுதில்லை" என்பார்கள், அதோடு நின்றுவிடும். சில நாட்களில் வீட்டு ட்ரைவர் நாயைக் கொண்டுவந்து, "மேடம் ஊசி போடச் சொன்னவ" என்று சொல்லிவிட்டு ஃபோனைப் பார்த்துக்கொண்டிருப்பார், அவரிடம் எதைக் கேட்பது? எவ்வளவு முடியும் என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்வது, பிராணி இறந்துபோனால் எப்படி முகம் கொடுப்பது, இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை. இந்த வேலையில் இருப்பவர்கள் சொல்லித்தந்தால் பெரிய உதவி.


கொட்டாஞ்சேனை அக்கா எழுதியது:

தங்கச்சி, நல்ல கேள்வி. இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் முதலில் ஊசி போடத்தான் பழக ஆசைப்படுகிறார்கள், நீங்கள் சரியான இடத்தில் தொடங்கியிருக்கிறீர்கள்.

முதலாவது, கையை வைக்காதீர்கள். கண்ணால் பாருங்கள். நாய் வாசலால் நடந்து வரும்போதே பாதிப் பரிசோதனை முடிந்துவிடும்: எந்தக் காலைத் தாங்கி நடக்கிறது, தலையைச் சரித்துப் பிடிக்கிறதா, வயிறு ஊதியிருக்கிறதா, மற்ற நாய்களைப் பார்க்கிறதா அல்லது எதிலும் அக்கறை இல்லாமல் தரையில் விழுகிறதா. மூச்சையும் அப்போதே, சொந்தக்காரரோடு கதைத்துக்கொண்டே எண்ணிவிடுங்கள், ஏனென்றால் நீங்கள் தொட்ட பிறகு எண்ணினால் அது பயத்தின் எண். நெஞ்சு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று. 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள், நேரம் இருந்தால் 30 விநாடி இன்னும் நல்லது. ஓய்வாக இருக்கிற நாய்க்கு நிமிடத்துக்கு 10 முதல் 30 வரை, பூனைக்கு 20 முதல் 30 வரை. நாய் நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்துக்கொண்டிருந்தால் எண்ண வேண்டாம், "இளைக்கிறது" என்று எழுதுங்கள், பொய் எண்ணை எழுதுவதைவிட அது டொக்டருக்கு உதவும்.

அப்புறம் நிறை. தராசு முதலில் பூச்சியத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். மருந்தின் அளவு முழுக்க இந்த எண்ணில்தான் நிற்கிறது, 4.5 கிலோவை 45 என்று எழுதிவிட்டால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். போன முறை எழுதிய நிறையோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் மறக்க வேண்டாம். 4 கிலோ பூனை 400 கிராம் குறைந்திருந்தால் சொந்தக்காரருக்குத் தெரியாது, ஆனால் அது உடம்பில் பத்தில் ஒரு பங்கு.

நாடிக்குப் பின்னங்காலின் உள்பக்கம், தொடை உடம்போடு சேருகிற இடத்தில் இரண்டு விரல் நுனியால் மெதுவாகத் தேடுங்கள், பெருவிரல் வேண்டாம், அதில் உங்கள் நாடியே துடிக்கும். பெரிய நாய்க்கு 60இலிருந்து 100 அளவில் இருக்கும், சின்ன இனங்களுக்கு 140 வரையும் போகும், பூனை வைத்தியசாலையில் 140இலிருந்து 220 வரை போகலாம். ஒரு கையில் நாடியைப் பிடித்துக்கொண்டே மற்றக் கையால் ஸ்டெதஸ்கோப்பை இடது முழங்கைக்குப் பின்னால் வைத்துக் கேட்கப் பழகுங்கள். இதயம் அடிக்கிற ஒவ்வொரு தடவையும் விரலுக்கு நாடி வர வேண்டும். இதயம் அடித்து நாடி வராமல் இடையில் விட்டுவிட்டுப் போனால் டொக்டருக்குக் கட்டாயம் சொல்லுங்கள். நாய் மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயம் கொஞ்சம் வேகமாகி, விடும்போது குறையும், அது பல நாய்களுக்கு இயல்பு, பயப்பட வேண்டாம்.

வெப்பநிலையைக் கடைசிக்கு வையுங்கள், ஒரு பிராணிக்கும் அது பிடிக்காது. தெர்மோமீட்டர் நுனியில் ஜெல் தடவி, இரண்டு மூன்று சென்டிமீட்டர் உள்ளே விட்டு, நுனி பக்கச் சுவரில் படும்படி லேசாகச் சரித்துப் பிடியுங்கள். மலத்துக்குள் குத்தி நின்றால் குறைவாகக் காட்டும். எடுத்ததும் நுனியைப் பாருங்கள், இரத்தமா, கறுப்பா, சளியா, புழுவா, அதையும் எழுதுங்கள். நாய், பூனை இரண்டுக்கும் 38 முதல் 39.2 வரை சரி. உங்கள் தெர்மோமீட்டர் பரனைட்டில் காட்டினால் 100.4 முதல் 102.5 வரை. மனிசருக்குக் காய்ச்சல் என்று சொல்கிற எண் இவற்றுக்குச் சாதாரணம் என்பதைச் சொந்தக்காரர்களுக்கும் சொல்லிவையுங்கள், பாதிப்பேர் அதைக் கண்டுதான் பயந்து வருவார்கள்.

இனிக் கதைப்பது. "சாப்பிடுதில்லை" என்றால் அங்கே நிற்காமல், "கடைசியாக எப்போது வழமைபோலச் சாப்பிட்டது?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கு மூன்று நான்கு பதில் சேர்ந்து வரும். "ஞாயிற்றுக்கிழமை விருந்தாட்கள் வந்தவை, எலும்பு போட்டவை, அண்டைக்கு நல்லாச் சாப்பிட்டது, அடுத்த நாள் சத்தி" என்று கதை தானாக வரும், குறுக்கே விழாமல் விடுங்கள். அவர்கள் முடித்த பிறகு விட்டுப்போனதைக் கேளுங்கள்: தண்ணீர் கூடவா குறையவா, சிறுநீர் நிறம், மலம், இருமல், தடுப்பூசி, உண்ணி மருந்து கடைசியாக எப்போது போட்டது, பெண் நாய் என்றால் கடைசியாக எப்போது பருவத்துக்கு வந்தது. கருத்தடை செய்யாத பெண் நாய் பருவம் முடிந்து சில வாரங்களில் தண்ணீரை அள்ளிக் குடித்துக்கொண்டு சோர்ந்து வந்தால் கர்ப்பப்பையில் சீழ் இருக்கலாம், அந்த ஒரு கேள்வி அதன் உயிரைக் காப்பாற்றும்.

"வீட்டில் ஏதாவது மருந்து கொடுத்தீர்களா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள், ஏச்சு விழும் என்று பயம். "நிறையப் பேர் முதலில் வீட்டில் இருக்கிற பனடோலோ ஏதோ கொடுத்துப் பார்ப்பார்கள், நீங்களும் கொடுத்தீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள், உண்மை வரும்.

ட்ரைவர் விசயத்துக்கு ஒரே வழி, வீட்டுக்கு அழைப்பு எடுப்பது. ஆனால் மேடத்திடம் மட்டும் கதைத்தால் போதாது. கொழும்பில் பல வீடுகளில் நாய்க்குச் சோறு வைப்பதும் மலம் அள்ளுவதும் வேலைக்கு நிற்கிற அக்காதான், அவவிடம் ஃபோனைக் கொடுக்கச் சொல்லுங்கள். அவவுக்குத் தெரிகிறது வேறு ஒருவருக்கும் தெரியாது. ட்ரைவரையும் கணக்கில் எடுக்காமல் விடாதீர்கள், வாகனத்தில் வரும்போது சத்தி எடுத்ததா, என்ன நிறம் என்று அவர்தான் சொல்வார். சிங்களம் அவ்வளவு வராது என்றால் "வத்துர பொனவாத" (தண்ணீர் குடிக்கிறதா) மாதிரியான பத்துக் கேள்விகளையாவது பாடமாக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்து கொடுத்து அனுப்பும்போது "விளங்கினதா?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் ஓம் என்பார்கள். "இரவு எத்தனை குளிசை குடுப்பீங்கள், எப்பிடிக் குடுப்பீங்கள் என்று எனக்கு ஒருக்கா சொல்லுங்கோ" என்று கேளுங்கள்.


தெஹிவளைப் பூனைவீடு எழுதியது:

நான் தாதி இல்லை, தெருப்பூனைகளை எடுத்து வளர்த்து வீடு தேடிக்கொடுப்பவள். மாதத்தில் பாதி நாள் வைத்தியசாலை வாங்கில்தான். பூனை விசயத்தில் என் பங்குக்குச் சொல்கிறேன்.

கூடையைக் கவிழ்த்துக் கொட்டாதீர்கள், கையை விட்டு இழுக்காதீர்கள். கதவு, ஜன்னல் எல்லாம் சாத்திவிட்டு, கூடையின் மேல் மூடியைக் கழற்றி, பூனையை அடிப்பாகத்திலேயே இருக்க விட்டுப் பாருங்கள். நெஞ்சைக் கேட்பது, முரசைப் பார்ப்பது, வயிற்றைத் தடவுவது எல்லாம் அப்படியே முடியும். தலைக்கு மேல் ஒரு துவாயைப் போட்டால் இன்னும் அடங்கும். பிடரியில் கொத்தாகப் பிடித்துத் தூக்குகிற பழக்கத்தைத் தயவுசெய்து படிக்க வேண்டாம், பூனை அடங்கியமாதிரித் தெரியும், உள்ளே பயம் கூடிக்கொண்டிருக்கும், அடுத்த முறை கூடையைக் கண்டதுமே கடிக்கும். காத்திருக்கும்போது கூடையைத் தரையில் வைக்க விடாதீர்கள், நாய்கள் வந்து மணக்கும். ஒரு கதிரையில் வைத்து மேலே துணி போடச் சொல்லுங்கள், இதற்குச் செலவே இல்லை. பூனை தொண்டைக்குள் குர்ர் குர்ர் என்று சத்தம் போட்டுக்கொண்டே இருந்து இதயம் கேட்காவிட்டால் பக்கத்துக் குழாயைத் திறந்துவிட்டுப் பாருங்கள், பெரும்பாலும் நிறுத்தும்.

ஆண் பூனை மணல் தட்டில் திரும்பத் திரும்பப் போய் முக்குகிறது என்று யாராவது ஃபோன் எடுத்தால், மலச்சிக்கல் என்று நினைத்து நாளைக்கு வரச் சொல்லாதீர்கள். சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கலாம், அடைத்தால் ஒன்றிரண்டு நாளில் செத்துவிடும். உடனே வரச் சொல்லுங்கள். வாயைத் திறந்து மூச்சு விடுகிற பூனையும் அப்படித்தான், நாய் இளைப்பது வேறு, பூனை இளைப்பது வேறு. பனடோல் பற்றி அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஒரு குளிசையே பூனையைக் கொல்லப் போதும். நாய்க்குப் பிடரியில் விடுகிற பெர்மெத்ரின் உண்ணி மருந்தும் பூனைக்கு நஞ்சு.


பேராதனையில் படித்தவன் எழுதியது:

நான் மிருக வைத்தியர், இப்போது கொழும்பில் வேலை. அக்கா சொன்ன ஒழுங்கு சரி. முரசைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன், கார்டில் அதுதான் அநேகமாக வெறுமையாக வருகிறது.

மேல் உதட்டைத் தூக்கி, கோரைப் பல்லுக்கு மேலே விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் திரும்பச் சிவக்க வேண்டும். அதற்கு மேல் போனால் இரத்த ஓட்டம் போதவில்லை. நிறம் இளஞ்சிவப்பு என்றால் நல்லது. வெளிறியிருந்தால் இரத்தம் குறைவு அல்லது உள்ளே கசிவு, நீலம் என்றால் ஒக்சிஜன் இல்லை, மஞ்சள் என்றால் ஈரல் அல்லது இரத்த அணுக்கள் உடைவது, பூனைக்கு மண்ணிறம் என்றால் முதலில் பனடோலைக் கேளுங்கள். கறுப்பு முரசுள்ள நாய்களுக்குக் கீழ் இமையை இழுத்து உள்பக்கத்தைப் பாருங்கள். விரலை முரசில் வைத்தபடியே ஈரமா, ஒட்டுகிறதா என்றும் கவனியுங்கள், ஒட்டினால் உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கிறது. பிடரித் தோலைக் கிள்ளிப் பார்க்கிற முறை மெலிந்த கிழட்டு நாயிலும் கொழுத்த நாயிலும் ஏமாற்றும்.

நம்முடைய ஊரில் வெளிறிய முரசு, காய்ச்சல், சோர்வு மூன்றும் சேர்ந்தால் உண்ணிக் காய்ச்சலை நினைக்காமல் இருக்க முடியாது. காதின் உள்ளேயும் விரல் இடுக்கிலும் உண்ணி தேடுங்கள். தாடைக்குக் கீழே, தோளுக்கு முன்னால், பின் முழங்காலுக்குப் பின்னால் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவுங்கள். சிறுநீர் தேயிலைச் சாயம் போலப் போனதா என்று கேளுங்கள். எழுதிவையுங்கள், ஆனால் "இது உண்ணிக் காய்ச்சல்தான்" என்று சொந்தக்காரரிடம் சொல்லாதீர்கள். நோயைத் தீர்மானிப்பது வைத்தியரின் பொறுப்பு, நீங்கள் ஒன்று சொல்லி இரத்தப் பரிசோதனை வேறொன்று சொன்னால் அவர்கள் இரண்டு பேரையும் நம்ப மாட்டார்கள்.

வரிசையில் காத்திருக்க விடக்கூடாதவை சில உண்டு. மூச்சுத் திணறல், நிற்காத வலிப்பு, வாகனத்தில் அடிபட்டது, நஞ்சு. ஜேர்மன் ஷெப்பர்ட் மாதிரிப் பெரிய நாய் வயிறு ஊதி, சத்தி எடுக்க எடுக்க ஒன்றும் வராமல் தவித்தால் இரைப்பை முறுகியிருக்கலாம், அது மணிக்கணக்கு விசயமில்லை, நிமிடக் கணக்கு. தடுப்பூசி போடாத குட்டி சத்தியும் இரத்த வயிற்றோட்டமுமாக வந்தால் உள்ளே கூப்பிடாதீர்கள், வந்த ஓட்டோவிலேயே இருக்கட்டும், டொக்டர் ஆயத்தமானதும் நேரே தனி அறைக்கு. அது பார்வோ தொற்றாக இருக்கலாம், அந்த வைரஸ் தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், சாதாரணத் தரை மருந்துக்குச் சாகாது. அழுக்கை முதலில் கழுவிவிட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊற விட வேண்டும்.

கடைசியாக, மிக முக்கியமாக: வாய் மூட முடியாமல் எச்சில் வடிகிற நாயைக் கொண்டுவந்து "தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டது" என்பார்கள். கையை வாய்க்குள் விடாதீர்கள். விசர்நோயில் தாடை தொங்குவதும் இப்படித்தான் தெரியும். நாயைத் தனியாக விட்டுவிட்டு வைத்தியரைக் கூப்பிடுங்கள். யாரைக் கடித்தது, யார்மேல் எச்சில் பட்டது என்று கேட்டு எழுதுங்கள். இலங்கையில் விசர்நோய் இன்னும் இருக்கிறது, அறிகுறி தொடங்கிய மனிதர் அநேகமாகப் பிழைப்பதே இல்லை.


புதுத்தாதி எழுதியது:

இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவே இல்லை, மூன்று பேருக்கும் நன்றி. டொக்டர், ஒரு சந்தேகம். நேற்று மத்தியானம் ஒரு பக் நாய், காலி வீதி நெரிசலில் ஏசி இல்லாத வானில் வந்தது, 39.6 காட்டியது, சரியான இளைப்பு. முரசு நல்ல சிவப்பு. இது காய்ச்சலா?


பேராதனையில் படித்தவன் எழுதியது:

அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பயமும் வெயிலும் சேர்ந்தாலே அவ்வளவு ஏறும். மின்விசிறிக்குக் கீழே அமைதியாக இருக்கவிட்டு இருபது நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். இறங்கினால் வெயில், இறங்காவிட்டால் காய்ச்சலாக இருக்கலாம். இரண்டு எண்ணையும் நேரத்தோடு எழுதுங்கள்.

ஆனால் பக், புல்டோக் மாதிரித் தட்டை மூக்கு நாய்களை அந்த இருபது நிமிடமும் கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும். அவற்றால் இளைத்து உடம்பைக் குளிரவைக்க முடியாது, கொழும்பு ஈரப்பதனில் இன்னும் மோசம். 40ஐத் தாண்டி ஏறிக்கொண்டு போனால், நாக்கு கருஞ்சிவப்பானால், தள்ளாடினால், டொக்டரைக் கூப்பிடும்போதே உடம்பில் குழாய்த் தண்ணீரை ஊற்றி விசிறியைத் திருப்பிவிடுங்கள். ஈரத் துவாயால் மூடி வைக்காதீர்கள், சூடு உள்ளேயே நிற்கும். 39.5க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் அளவுக்கு மிஞ்சிக் குளிர்ந்துவிடும்.


லண்டனில் தாதி எழுதியது:

கொழும்பில் வளர்ந்து இப்போது இங்கே பதிவு செய்த மிருகத் தாதியாக இருக்கிறேன். இங்கே 1966ஆம் ஆண்டு மிருக வைத்தியர் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைதான் எங்கள் எல்லையைச் சொல்கிறது: வைத்தியரின் பணிப்பின் கீழ் மருந்து கொடுக்கலாம், சின்னக் காயம் தைக்கலாம், நோயைத் தீர்மானிக்க முடியாது. டொக்டர் சொன்னது இங்கேயும் அதேதான்.

காசு பற்றியும் சாவு பற்றியும் ஒருவரும் எழுதவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். காசைக் கடைசி வரைக்கும் மறைத்து வைத்துவிட்டுப் பில்லை நீட்டுவதுதான் சண்டைக்குக் காரணம். டொக்டர் என்னென்ன செய்ய நினைக்கிறார் என்று கேட்டு, குறைந்தது இவ்வளவு, கூடினால் இவ்வளவு என்று தொடங்கும் முன்பே சொல்லுங்கள். கூடினால் செய்யும் முன் அழைப்பு எடுப்போம் என்றும் சொல்லுங்கள். "அவ்வளவு ஏலாது" என்பவரை அன்பில்லாதவர் என்று நினைக்க வேண்டாம். உங்கள் முகம் மாறினால் அவர் திரும்ப வரமாட்டார், பாதிக்கப்படுவது நாய். "இன்றைக்கு எதை முதலில் செய்யலாம் என்று டொக்டரிடம் கேட்டுவருகிறேன்" என்று சொல்லுங்கள்.

கருணைக் கொலைக்கு வருகிறவர்களை மற்றவர்களோடு இருத்தாதீர்கள், முடிந்தால் நாளின் கடைசி நேரத்தைக் கொடுங்கள். கையெழுத்தும் பணமும் முதலிலேயே முடியட்டும், அழுதுகொண்டு வெளியே வருகிறவரை முன்மேசையில் நிறுத்திச் சில்லறை எண்ண வைக்கக்கூடாது. என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சுற்றிவளைக்காமல் சொல்லுங்கள்: ஊசி போட்டதும் மிக விரைவில் நினைவு போகும், கண் மூடாது, உயிர் போன பிறகும் ஒன்றிரண்டு தடவை மூச்சு இழுப்பது போல இருக்கலாம், சிறுநீர் போகலாம். சொல்லாமல் விட்டால் அந்தக் கடைசி இழுப்பைப் பார்த்து உயிரோடு இருக்கிறது என்று கதறுவார்கள், பல வருடம் அது அவர்களை விடாது. வெள்ளவத்தை மாடிவீட்டுக்காரருக்குப் புதைக்க மண் இருக்காது, அதற்கு உங்கள் வைத்தியசாலையில் என்ன ஒழுங்கு என்று முன்பே கேட்டு வைத்திருங்கள், அந்த நேரத்தில் தேடி ஓட வேண்டாம். பெயரைச் சொல்லிக் கதையுங்கள், "நாய்" என்று சொல்லாதீர்கள். கார்டில் உடனே குறித்துவிடுங்கள், அடுத்த மாதம் தடுப்பூசி ஞாபகமூட்டல் அந்த வீட்டுக்குப் போகக்கூடாது.


பம்பலப்பிட்டி நாய்க்காரர் எழுதியது:

சொந்தக்காரன் பக்கத்திலிருந்து ஒன்று. சத்திரசிகிச்சைக்கு விட்டுவிட்டு வெளியே இருக்கும்போது எங்களுக்கு நேரம் போகாது. "மயக்கம் தெளிஞ்சிட்டுது, தலையைத் தூக்கிப் பார்க்குது" என்று ஒரு வரி தகவல் அனுப்பினால் போதும். சொன்ன நேரம் பிந்தினால் பிந்தும் என்று சொல்லுங்கள், பேசாமல் இருந்தால்தான் கண்டதையும் நினைப்போம்.


கொட்டாஞ்சேனை அக்கா எழுதியது:

தங்கச்சி, ஒன்று விட்டுவிட்டேன். நீங்கள் விசர்நோய்த் தடுப்பூசி போட்டுவிட்டீர்களா? கடி வாங்கும் முன்பே போடுகிற ஊசி இருக்கிறது, உலக சுகாதார நிறுவனம் 2018இலிருந்து ஒரு வார இடைவெளியில் இரண்டு ஊசி என்று சொல்கிறது. நிர்வாகத்திடம் கேளுங்கள், தயங்க வேண்டாம். போட்டிருந்தாலும் கடித்தால், கீறினால், உடனே சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரச வைத்தியசாலைக்குப் போக வேண்டும், அங்கே ஊசி இலவசம். "வீட்டு நாய்தானே" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். நாயின் சிறுநீரைத் துடைக்கும்போதும் கையுறை போடுங்கள், எலிக்காய்ச்சல் அதனாலும் தொற்றும்.


புதுத்தாதி எழுதியது:

இன்னும் போடவில்லை அக்கா, என்னோடு சேர்ந்த மற்றப் பிள்ளையும் போடவில்லை. திங்கட்கிழமை இரண்டு பேருமாகப் போய் நிர்வாகத்திடம் கேட்கிறோம். கார்டில் நாடிக் கட்டத்துக்குப் பக்கத்தில் "எத்தனை மணிக்குப் பார்த்தது" என்று ஒரு கட்டம் கூட்டலாமா என்று டொக்டரிடம் கேட்டேன், ஓம் என்றுவிட்டார்.